கொயினாவும் உபதேசமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். நான் ஊரில் இரண்டு வகுப்பு படித்தவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதினால் பிழை வரும். அது சின்னத் தயக்கம். பெரிய தயக்கம் வேறு. சாமி புத்தகம் வாசிக்கிற ஒருவர் மேல் கோபப்பட்டு எழுதினால், சாமி புத்தகத்தையே குறை சொல்லுகிறான் என்பார்கள். குளித்து, விபூதி பூசி, அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது வாசிக்காமல் நான் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடுவதில்லை. என்னைப் பார்த்து அப்படிச் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன்.

ஆனால் நான் முன்பு இருந்த தோட்டத்தோடு சேர்த்து அக்கம்பக்கத்து நாலு தோட்டத்திலும், ஈப்போப் பக்கம் இப்போது நான் இருக்கிற சிலிபினிலும், புந்தோங் கோயில் வாசலிலும் என்னைப் பற்றி ஒரு கதை நடக்கிறது. ஆஸ்பத்திரியில் செத்துக் கிடந்த கோவிந்தசாமிக்குப் பெரிய கங்காணியார் உபதேசம் வாசித்தாராம். வாசித்து முடித்ததும் கோவிந்தசாமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டானாம். அந்தக் கோவிந்தசாமி நான்தான். நான் செத்துக் கிடக்கவில்லை. சாகக் கிடக்கவும் இல்லை. இந்தக் கதையால் ஒரு உயிர் போயிருக்கிறது. இனியும் தயங்கினால் நான் மனுஷன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உபதேசம் என்று நான் சொல்வது, யுத்த களத்தில் தேர்த்தட்டில் நின்று பகவான் சொன்னாரே, அது. தோட்டத்தில் அதற்கு நாங்கள் வழங்குகிற பேர் அதுதான். கங்காணியார் பேரை எழுத மாட்டேன். பயம் இல்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து, நாங்கள் கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்த சமயம் அது. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் நான் பால் உறைய வைத்து உருளையில் கொடுத்துத் தகடு எடுக்கிற வேலையில் இருந்தேன். என் சம்சாரம் அஞ்சலை பால் வெட்டுகிறவள். ஒரு நாள் மத்தியானம் உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. அடிக்கிற வெயிலில் அப்படி ஒரு குளிர். அஞ்சலை வீட்டில் இருந்த கம்பளி, சாக்கு, அவள் சேலை எல்லாவற்றையும் என்மேல் போட்டு, அதன்மேல் அவளும் ஏறிப் படுத்துப் பார்த்தாள். குளிர் நின்றதும் நெருப்பாய்க் காய்ந்தது. பிறகு வேர்த்து ஊற்றி, ஒன்றுமே நடக்காதது போல விட்டுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே கூத்து. வேலைக்குப் போவேன், விழுவேன், தூக்கிக்கொண்டு வருவார்கள். கடைசியில் மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நாலு தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு மேட்டில் கட்டிய ஆஸ்பத்திரி. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்துக் கட்டிலில் பேசுவது கேட்காது. வெள்ளைக்கார டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கடுகடுப்பான மனுஷர், கை மட்டும் மெத்தென்று இருக்கும்.

அவர் என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுகி, ஈப்போவுக்கு அனுப்பினார். அங்கே பூதக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். நான் கத்தினேன்.

"கட்டி இருக்குதுங்களா ஐயா?"

"கட்டியும் இல்லை, கிட்டியும் இல்லை. மண்ணீரல் வீங்கிக் கிடக்குது காணும். கொசு கடிச்ச காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தா இப்பிடித்தான். கொயினா குடிச்சா வத்திப் போகும். குடியாட்டி நீர் வத்திப் போவீர்."

பிறகு ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்து அதில் வெளிக்குப் போய்க் கொண்டுவரச் சொன்னார். எனக்கு மானம் போயிற்று. அதிலும் ஈப்போக் கண்ணாடி ஏதோ கண்டுபிடித்தது. குடலில் நூல் மாதிரிப் பூச்சி கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் உறிஞ்சுகிறதாம். மண்ணில் இருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்து ஏறுகிற பூச்சி. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் ஜனங்கள் ஒதுங்குகிற இடத்தில் நடந்தால் ஏறும். "காலுக்குச் செருப்புப் போடும்" என்றார் டிரஸ்ஸர். செருப்பாம்! காலில் செருப்போடு எவன் விடியலில் ஆள் எண்ணுகிற பெரட்டில் கங்காணி முன்னால் போய் நின்று பேர் கொடுக்க முடியும்? போன வருஷம் ஒருவன் நின்றான். அவன் செருப்பு பறந்து போய்க் காட்டில் விழுந்தது. பூச்சி ஏறினது எங்கள் தலைவிதி என்கிறார்கள். விதி இல்லை, வெறுங்கால். இதை அப்போது சொல்ல எனக்கு வாய் இல்லை.

பூச்சிக்கு மருந்து, வெறும் வயிற்றில் ஒரு எண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். பின்னாலேயே பேதி உப்பு. அன்று முழுக்க மனுஷன் கொல்லைப்புறத்துக்கும் கட்டிலுக்கும் நடந்தே செத்துப் போவான். காய்ச்சலுக்குக் கொயினா, டாக்டர் பாஷையில் குவினைன். அந்தக் கசப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. குடித்தால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். ஆனால் குடிக்கக் குடிக்கக் குளிர் விட்டது. பசித்தது. மண்ணீரலை அமுக்கினால் கத்த வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காசு கிடையாது என்பார்கள். பேர் போடாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. அஞ்சலை காலையில் பால் வெட்டி, வாளிப் பாலைக் கொண்டுபோய் ஊற்றி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் இருந்து கூட்டி வீட்டில் விட்டு, மேடேறி என்னிடம் வருவாள். ஊத்தான் மெலிந்தாங்கில் மீன் பிடிக்கிற அவள் அண்ணன் அனுப்பிய கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து, இலையில் மடித்துக் கொண்டுவருவாள். மாவுச் சாக்கில் இலவம்பஞ்சு அடைத்து ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரித் தலையணை மரக்கட்டை. அந்த மாவுச் சாக்குத் தலையணையில் படுத்துத்தான் நான் நன்றாகத் தூங்கினேன். இதெல்லாம் யாரும் கதையில் சொல்வதில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் மாரிமுத்து. வேறு தோட்டத்துப் பையன். இருபது வயது இருக்கும். பெண் பார்த்துப் பரிசம் போட்டாயிற்று. அவனுக்கும் எனக்கு இருந்த அதே காய்ச்சல், அதே பூச்சி. ஆனால் வெகுநாள் கவனிக்காமல் விட்டது. உதடு சோளத்தட்டை மாதிரி வெளுத்திருந்தது. பாதம் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தது. ரத்தம் குறைந்தவனுக்கு மண் தின்ன ஆசை வருமாம். சுவரோரத்து மண்ணைச் சுரண்டி வாயில் போட்டு டிரஸ்ஸரிடம் திட்டு வாங்குவான். நாலு அடி நடந்தால் இரைக்கும். இரைக்க இரைக்கக் கேலி பேசுவான்.

"அண்ணே, இந்தக் கஞ்சியில பருக்க இருக்குன்னு சமையல்காரன ஒரு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. நானும் கும்புட்டுக் குடிக்கிறேன்."

டிரஸ்ஸர் என்னிடம் சொன்னார்: "பொடியன் தப்புவான். வயசு இருக்கு. மருந்தை நிப்பாட்டாமக் குடிச்சா தப்புவான்." இதை நான் என் காதால் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய கங்காணியார் வருவார். கோட்டு, தலைப்பாகை, குடை, பட்டுத் துணியில் சுற்றிய புத்தகம். உள்ளே நுழைந்து ஒரு கட்டிலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து உட்காருவார். துளசித் தண்ணீர் வாயில் விடுவார். நெற்றியில் விபூதி பூசுவார். புத்தகத்தைத் திறந்து ராகம் போட்டு வாசிப்பார். நம் ஜனங்களிடம் இது வழக்கம்: உயிர் பிரிகிறவன் காதில் உபதேசம் விழுந்தால் நல்ல கதி. தப்பு என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனாருக்கும் அப்படித்தான் வாசித்தார்கள்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்றென்றால், அந்தப் புத்தகத்தைக் கண்டாலே எல்லாருக்கும் குலை நடுங்கும். அவர் எந்தக் கட்டிலில் உட்காருகிறாரோ அது இரண்டொரு வெள்ளிக்குள் காலி. அவர் உட்கார்ந்ததால் செத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பாதிப் பேர் சாகத்தான் போகிறவர்கள். மற்றப் பாதி? புத்தகம் மூடினதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள். கஞ்சி வேண்டாம், கொயினா வேண்டாம். வாசித்தாயிற்றே! சொந்தக்காரர்களும் வாயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஊருக்கு ஆள் அனுப்பப் போய்விடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னைத் தாண்டி வந்து மாரிமுத்துவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

டிரஸ்ஸரைக் கேட்டாரா? இல்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார், வெளுப்பு. காலை அமுக்கிப் பார்த்தார், வீக்கம். உச்சுக் கொட்டினார். மாரிமுத்து பேசிக்கொண்டிருந்த கேலி வாயிலேயே நின்றுவிட்டது. கங்காணியார் வாசித்தார். பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை போடுகிற மாதிரி ஆத்மா உடம்பை விடுகிறது என்ற இடம் வந்தது. நிறுத்தி, அர்த்தம் சொன்னார். "எல்லாம் முன்னமே எழுதுனதுடா தம்பி. பலன நெனைக்காத. சட்டைதான் போவுது, நீ போவல."

கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்ற அஞ்சலை என் காதில் படபடத்தாள். "இருபது வயசுப் புள்ளைக்குப் பழைய சட்டையா? தொவச்சுப் போட்டா இன்னும் அம்பது வருசம் வரும் சட்டைங்க அது. இந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"மெதுவா பேசுடி."

"நீங்களும் மெதுவாவே பேசிக்கிட்டு இருங்க."

அன்றோடு மாரிமுத்து மருந்தை நிறுத்தினான். டிரஸ்ஸர் கொயினாவை நீட்டினால் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். "வாசிச்சாச்சுங்க ஐயா. இனிமே எதுக்கு? கசப்போட போகச் சொல்றீங்களா?" டிரஸ்ஸர் கெஞ்சினார், திட்டினார், தாடையைப் பிடித்து ஊற்றினார். துப்பினான். டிரஸ்ஸர் வெளியே போய்த் தூணில் குத்தினார்.

எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. பேச வாய் வராததால் ஒன்று செய்தேன். எங்கள் வீட்டிலும் அந்த உபதேசப் புத்தகம் ஒன்று இருந்தது. ஈப்போ கடைத்தெருவில் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் கட்டி வைத்தது. வருஷத்துக்கு ஒரு நாள் சரஸ்வதி பூஜைக்குக் குங்குமம் வைப்போம். பிரித்ததில்லை. அதைக் கொண்டுவா என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. நோயாளி கட்டிலுக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவர எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? இருந்தும் கொண்டுவந்தாள், சோற்றுத் துணிக்குள் ஒளித்து.

கட்டிலில் திரும்பிப் படுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாதி புரியவில்லை, இப்போதும் பாதி புரியாது. ஆனால் ஆரம்பம் எனக்குப் பச்சைக் குழந்தைக்குச் சொன்ன மாதிரி புரிந்தது. ஒருவன் கை நடுங்கி, தோல் எரிந்து, நிற்க முடியாமல் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். என் காய்ச்சல் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். அவனிடம் பகவான் "சரி, படுத்துக்கொள்" என்று சொல்லவில்லை. எழுந்திரு, உன் வேலையைச் செய் என்கிறார். புத்தகம் முழுக்க அதற்குத்தான். சட்டை, ஆத்மா என்று சொன்னதெல்லாம் உட்கார்ந்தவனை எழுப்புவதற்கு. அதை வைத்து எழுந்திருக்கக் கூடியவனைப் படுக்க வைத்திருக்கிறார்களே!

மாரிமுத்து கட்டிலுக்குப் போய்ச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். எதிர்க் கட்டிலில் கால் புண்ணோடு கிடந்த கிழவர் அலறினார்.

"டேய், நிறுத்துடா! இங்க உசுரோட ஆளுங்க இருக்கோம்லா!"

இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டார். மாரிமுத்து கண்ணைத் திறந்தான்.

"இது சாவுறவனுக்குச் சொன்னது இல்லடா" என்றேன். "உக்காந்துட்டவன எந்திரின்னு சொன்னது. கேட்டவன் செத்தானா, சொல்லு. கூத்துல பாத்திருக்கல்ல?"

"கூத்துல சாவல அண்ணே. எங்க தோட்டத்துல அந்த வேசம் கட்டுனவன் இன்னிக்கும் கள்ளுக்கடையிலதான் இருக்கான்." லேசாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "ஆனா அவனுக்குச் சொன்னது பகவான். எனக்கு வாசிச்சது கங்காணியாரு. கங்காணியாரு உக்காந்த கட்டுல்லேருந்து எவன் எந்திரிச்சுப் போனான்? ஒரு ஆளக் காட்டுங்க, நான் குடிக்கிறேன்."

ஒரு ஆளைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். எனக்கு ஒரு யோசனை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மாரிமுத்துவின் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. எனக்கோ காய்ச்சலே இல்லை. டாக்டர் வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று டிரஸ்ஸர் சொல்லியாயிற்று. கங்காணியார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினேன்.

"கங்காணியாரே... எனக்கு வாசிங்க."

"ஏன்டா கோவிந்தசாமி? நீ தேறிட்டன்னு சொன்னாங்களே?"

"முடியலீங்க. உள்ளுக்குள்ள இழுக்குது. எனக்கும் வாசிங்க."

டிரஸ்ஸர் மருந்து அறை வாசலில் நின்று பார்த்தார். என்னைப் பார்த்தார், மாரிமுத்துவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கங்காணியார் உட்கார்ந்தார். துளசித் தண்ணீர் விட்டார். விபூதி பூசினார். நல்ல குரல் அவருக்கு, அதையும் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மரியாதையோடுதான் கேட்டேன். பகவான் வார்த்தை யார் வாயில் வந்தாலும் பகவான் வார்த்தைதான்.

நடுவில் அஞ்சலை வந்துவிட்டாள். அவளிடம் யோசனையைச் சொல்லி வைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. வாசலில் இருந்து பார்த்தவள் கஞ்சித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, "ஐயோ, நேத்து கருவாடு கேட்டாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கங்காணியார் புத்தகத்தை மூடினார். எழுந்து நின்று, "அழாதம்மா, நல்ல கதி" என்றார்.

நான் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "அஞ்சல, அந்தக் கஞ்சிய எடு" என்றேன்.

கஞ்சித் தூக்கை வாங்கிக்கொண்டு மாரிமுத்து கட்டிலில் போய் உட்கார்ந்து, அவன் கண் முன்னால் குடித்தேன். டிரஸ்ஸர் இரண்டு கிண்ணத்தில் கொயினா கொண்டுவந்தார். என் கிண்ணத்தை ஒரே மடக்கில் விழுங்கினேன்.

"எனக்கும் வாசிச்சாச்சு. பாத்தியா? அதே கங்காணியாரு, அதே பொஸ்தகம். நான் எந்திரிச்சிட்டேன். இப்ப நீ குடி."

மாரிமுத்து என்னையே பார்த்தான். கிண்ணத்தை வாங்கினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அஞ்சலை என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "சொல்லித் தொலைக்கக் கூடாதா? எனக்கு உசுரு போயி வந்துச்சு!"

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கால் புண் கிழவர் கங்காணியார் காலில் விழுந்து கிடக்கிறார். "சாமி, செத்தவன எழுப்பிட்டீங்களே!" கங்காணியார் கை கூப்பி நிற்கிறார், கண்ணில் தாரை தாரையாய் நீர். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் நம்பிவிட்டார். நான் கத்தினேன், எனக்கு முன்னமே சரியாகிவிட்டது, கொயினாவால் சரியாகிவிட்டது, இவனைக் குடிக்க வைக்கத்தான் இப்படிச் செய்தேன் என்று கத்தினேன். "அடக்கமா பேசுறான்" என்றார்கள். டிரஸ்ஸரைச் சொல்லச் சொன்னேன். அவரும் சொன்னார். "அவரு மாதா கோயிலுக்குப் போற வேதக்காரரு, நம்ம சாமிய ஒத்துக்குவாரா?" என்றார்கள்.

மாரிமுத்து தேறினான். எண்ணெய் குடித்தான், பேதியானான், இரும்பு மருந்து குடித்துப் பல் கறுத்தான், வெளுத்த உதட்டில் ரத்த நிறம் வந்தது. அவனை விட்டு நான் வீட்டுக்கு வரும் நாளில் அவனிடம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அது நாடகம்டா, உன்னைக் காப்பாற்றினது கசப்பு என்றேன். தலையாட்டினான். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க அண்ணே" என்றான்.

நான் தோட்டத்தை விட்டுச் சிலிபினுக்கு வந்து மாட்டு வண்டி ஓட்ட ஆரம்பித்தேன். உபதேசத்தை அன்றிலிருந்து விடவில்லை. வேலை செய்ய உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்று அதில் வருகிறது. இதைக் கங்காணியார்கள் சம்பளம் கேட்கிறவனை அடக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரிந்தது வேறு. மருந்து குடிப்பது என் வேலை. பிழைப்பது பலன். பலன் பகவான் கையில். கிண்ணம் என் கையில். கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் பகவானைப் பார்க்கிறவன் தன் வேலையையும் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறான். அளவாய்த் தின்னு, அளவாய்த் தூங்கு என்றும் வருகிறது. பட்டினி கிடப்பவனுக்கு யோகம் இல்லையாம். லயத்து ஜனங்களுக்கு முதலில் வாசிக்க வேண்டிய இடம் அது. வாசிக்கிறார்களா? கோபம் புத்தியைக் கெடுக்கும் என்றும் வருகிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். பகவான் மன்னிக்க வேண்டும். என் கோபம் போகவில்லை.

போன மழைக் காலத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு என் வீட்டைத் தேடி வந்தாள். தாலி இல்லை. பச்சையம்மாள் என்றாள். மாரிமுத்து பெண்டாட்டி. அஞ்சலை அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"காய்ச்சல் திரும்ப வந்துச்சு அண்ணே" என்றாள் பச்சையம்மாள். "பெரட்டுல எல்லாருக்கும் கொயினா குடுப்பாங்க. வாயில வாங்கிக்கிட்டு வந்து வேலி ஓரத்துல துப்பிடுவாரு. உபதேசம் கேட்டு எழுந்த ஒடம்பு இது, இதுக்கு எதுக்கு இந்தக் கசப்புன்னு சிரிப்பாரு. முத்திப் போனதும் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுறேன்னாங்க. வேணாம், கங்காணியாரக் கூட்டியாங்கன்னாரு. அவரும் வந்தாரு, பாவம், மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. வாசிச்சாரு. கஞ்சி காச்சித் தயாரா வெச்சிருந்தேன் அண்ணே. முடிச்சதும் எழுந்து கேப்பாருன்னு."

அவள் அழவில்லை. கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

"உங்களுக்கு வாசிச்சது எந்த அத்தியாயம் அண்ணே? நாங்க வேற அத்தியாயத்த வாசிச்சிட்டோமா?"

அஞ்சலை குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். நான் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கத்தினேன், மாடுகள் மிரண்டன.

கங்காணியார் இன்னும் வெள்ளிக்கிழமை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். முன்பு அவரைக் கண்டு பயந்தார்கள். இப்போது அவருக்காக மருந்தைத் துப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு என் பேரைச் சொல்லுகிறார்கள். அதனால்தான் எழுதினேன்.

இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரட்டுக் களத்தில் சொல்லுங்கள், கோயில் வாசலில் சொல்லுங்கள். பிழை இருந்தால் பிழையோடு சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். சொல்லும்போது வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று கொயினாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டுச் சொன்ன கதையை நம்பித்தான் மாரிமுத்து செத்தான்.